‘தனியார் சிறை’ அன்று, ‘ஒப்பந்தக் காவல்’

குடிவரவுச் (இமிகிரேஷன்) சட்டத்தின் கீழ்ப் பிடிபட்டவர்களை அடைத்து வைக்கும் பணியை அரசுகள் நிறுவனங்களிடம் ஒப்படைப்பது குறித்துத் தமிழில் செய்தி வரும்போதெல்லாம், அந்த இடத்துக்குத் ‘தனியார் சிறை’ என்ற பெயரே சூட்டப்படுகிறது. ஒருவர் எழுதியதை மற்றவர் எடுத்தாண்டு, இப்போது அது வழக்காகவே நிலைத்துவிடும் போலிருக்கிறது. இருப்பவை இரண்டே சொற்கள். ஆனால் ‘சிறை’ என்பதும் பொருந்தவில்லை, ‘தனியார்’ என்பதும் பொருந்தவில்லை.

முதலில் சொற்பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இப்படி அடைத்து வைப்பதற்கான ஆங்கிலச் சொல்லாகிய ‘டிடென்ஷன்’ என்பது பிடித்து நிறுத்துதல் என்ற பொருள் தரும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. தண்டனை என்ற குறிப்பு அதில் இல்லை. தமிழில் அதற்கு நெருங்கிய சொல் ‘காவல்’. ‘கா’ என்னும் வேரிலிருந்து பிறந்த அது, காப்பதையும் வெளியே போகவிடாமல் வைத்திருப்பதையும் ஒருசேரக் குறிக்கும். ‘சிறைகாக்கும் காப்பெவன் செய்யும்’ என்ற குறளில் சிறைக்கும் தண்டனைக்கும் தொடர்பில்லை என்பது உண்மையே. ஆனால் இன்றைய வாசகர் ‘சிறை’ என்றதும் குற்றம், விசாரணை, தீர்ப்பு, தண்டனை என்ற வரிசையைத்தான் நினைப்பார். பழம்பொருளைக் காட்டி இன்றைய பிழையை நியாயப்படுத்த முடியாது.

அந்த வரிசை இங்கே இல்லை என்பதே சட்டத்தின் அடிப்படை. சீனர்கள் சிலரை, நாட்டில் இருக்க உரிமையற்றவர்கள் என்ற காரணத்துக்காக, நடுவர் குழு (ஜூரி) முன் முறையான குற்ற விசாரணை ஏதுமின்றி அறுபது நாள் கடுங்காவலுக்கு அனுப்பிய வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1896இல் ஒரு கோட்டைக் கிழித்தது: வெளியேற்றும் நடவடிக்கைக்காக ஒருவரைத் தற்காலிகமாக அடைத்து வைக்கலாம், ஆனால் கடுங்காவல் என்பது தண்டனை, அதை விசாரணையின்றி விதிக்க முடியாது. ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றமும் 1992இல் இதையொத்த வேறுபாட்டைக் காட்டியது. நடைமுறையில் அந்த இடம் சிறையைவிட இதமாக இருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. தண்டனைக் கைதிக்கு விடுதலை நாள் தெரியும். குடிவரவுக் காவலில் இருப்பவருக்குப் பல நேரம் அதுவும் தெரியாது. ஆனால் ‘சிறை’ என்று எழுதியவுடன் உள்ளே இருப்பவர் ‘கைதி’ ஆகிறார், கைதி என்றதும் குற்றவாளி ஆகிறார். எதிர்ப்புக் குரலாக இச்சொல்லைப் பயன்படுத்துவோர் அவருக்கு நன்மை செய்வதாக நினைத்துக்கொண்டு, எந்த நீதிமன்றமும் வைக்காத பழியை அவர் தலையில் வைத்துவிடுகிறார்கள்.

‘தனியார்’ என்ற அடைமொழி இதைவிடக் கெடுதலானது. இத்தொழில் ஒப்பந்தத்தில்தான் பிறந்தது. பிரிட்டனில் 1970ஆம் ஆண்டிலேயே ஹீத்ரோ விமான நிலையத்தை அடுத்த ஹார்மண்ட்ஸ்வொர்த் காவலிடம் (அடைத்து வைக்கும் இடம்) செக்யூரிகார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அமெரிக்காவில் 1983இல் தொடங்கப்பட்ட கரெக்‌ஷன்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா, ஹூஸ்டனில் தன் கட்டடம் தயாராகும் முன்பே சாலையோரத் தங்கும் விடுதி ஒன்றை வாடகைக்குப் பிடித்து, 1984 ஜனவரியில் அங்கே ஆட்களை அடைத்து வைத்தது. (அந்நிறுவனத்தின் இன்றைய பெயர் கோர்சிவிக்.) இன்று கட்டடமும் ஊழியரும் அரசுக்குரியவை, கட்டடம் அரசுக்கும் நிர்வாகம் நிறுவனத்துக்கும் உரியவை, கட்டடமும் நிர்வாகமும் நிறுவனத்துக்கே உரியவை என்று பல வகை உண்டு. ஓர் உள்ளூர் நிர்வாகம் நடுவே நின்று கையெழுத்திட, நிறுவனம் அதன் பின்னால் இருக்கும் வகையும் உண்டு. 2014இல் டெக்சாஸின் டில்லி (Dilley) என்னும் ஊரில் குடும்பங்களை அடைக்க அமைக்கப்பட்ட பெரிய காவலிடம், பக்கத்து மாநிலங்களில் ஒன்றுகூட அல்லாத அரிசோனாவின் ஈலாய் நகராட்சி செய்திருந்த ஒப்பந்தத்தைத் திருத்தித்தான் உண்டாக்கப்பட்டது. இவ்வளவையும் ‘தனியார்’ என்ற ஒரே கூடையில் போட்டால் எது என்னவென்று தெரியாது.

கட்டடம் யாருடையதாக இருந்தாலும், ஒருவரைப் பிடிக்கவும் வைத்திருக்கவும் விடுவிக்கவும் உள்ள அதிகாரம் அரசினுடையது. செலவு அரசுக் கருவூலத்தினுடையது. ஆஸ்திரேலியாவின் பேக்ஸ்டர் காவலிடத்தில் இருந்த இருவர் மனநல மருத்துவம் கிடைக்கவில்லை என்று தொடுத்த வழக்கில், அரசு, ஒப்பந்ததாரர், அவருக்குக் கீழே துணை ஒப்பந்ததாரர்கள் என்று பொறுப்பு அடுக்கடுக்காகக் கைமாறியிருந்தது. பணியை ஒப்பந்தத்தில் கொடுக்கலாம், அடைக்கப்பட்டவரைப் பேணும் கடமையைக் கைகழுவ முடியாது என்பதுதான் 2005இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னதன் சாரம். ‘தனியார் சிறை’ என்று எழுதுபவர் அந்தக் கைகழுவலைத் தமிழில் இலவசமாகச் செய்து கொடுக்கிறார். ‘தனியார்மயம்’ என்பதும் இதே வகைதான். விற்றுவிட்டதற்கு உரிய சொல் அது, கூலிக்கு அமர்த்தியதற்கு உரியதன்று.

இந்தக் குறைகளை உணர்ந்த சிலர் ‘குத்தகைச் சிறை’ என்றும் ‘குத்தகைக் காவல்’ என்றும் எழுதிப் பார்க்கிறார்கள். தமிழ்மணம் கமழும் சொல் என்பதால் இதற்கு ஆதரவு பெருகி வருகிறது. எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது, ஏனெனில் இது பொருளைத் தலைகீழாக்குகிறது. குத்தகையில் பணம் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். நிலத்தையோ தோப்பையோ ஏரி மீனையோ குத்தகைக்கு எடுத்தவர் உடையவருக்குப் பணம் கட்டுவார், விளைச்சலை எடுத்துக்கொள்வார், லாப நட்டம் அவருடையது. குடிவரவுக் காவலில் அரசுதான் நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கிறது. அமெரிக்க ஒப்பந்தங்கள் பலவற்றில் ‘உறுதியளித்த குறைந்தபட்சம்’ என்றொரு விதி உண்டு: இத்தனை படுக்கைகளுக்கு, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரசு பணம் கட்டியாக வேண்டும். காலிப் படுக்கைகளுக்குப் பணம் போவதை அந்நாட்டு அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2021இல் சுட்டிக் காட்டியது. குத்தகைதாரருக்கு மழை பொய்த்தால் நட்டம்; இந்த ஒப்பந்ததாரருக்கு மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அந்தக் குறைந்தபட்சம் வந்து சேரும். இதைக் குத்தகை என்பது குத்தகை தெரியாதவர் பேச்சு.

குத்தகை என்ற சொல்லைக் காப்பாற்றி வைக்க இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் தென் மாநிலங்கள் தண்டனைக் கைதிகளைச் சுரங்கங்களுக்கும் தோட்டங்களுக்கும் இரயில்பாதை வேலைக்கும் விட்டன. எடுத்தவர்கள் மாநில அரசுக்குப் பணம் கட்டினார்கள். கைதியின் உழைப்பை அறுவடை செய்தார்கள். அலபாமா 1928இல்தான் இதை நிறுத்தியது. அதுதான் நூற்றுக்கு நூறு கைதிக் குத்தகை. இன்றைய குடிவரவுக் காவலுக்கும் அதே சொல்லைக் கொடுத்துவிட்டால் அந்த வரலாற்றை எழுதச் சொல்லின்றி நிற்போம்.

இதற்கு ஒரு மறுப்பைக் கேட்டிருக்கிறேன்: இங்கும் உழைப்புச் சுரண்டல் உண்டே, நாளுக்கு ஒரு டாலர் கொடுத்துச் சமைக்கவும் துடைக்கவும் வைக்கிறார்களே, அது குத்தகை இல்லையா? வாஷிங்டன் மாநிலத்தின் டகோமாவில் ஜியோ குழுமம் (GEO Group) என்ற நிறுவனம் நடத்தும் காவலிடத்தில் நடந்தது அதுதான். மாநிலக் குறைந்தபட்சக் கூலியைக் கொடுத்திருக்க வேண்டும் என்று 2021இல் நடுவர் குழு தீர்ப்பளித்து, அடைக்கப்பட்டிருந்தவர்களுக்கு 1 கோடியே 73 லட்சம் டாலர் வழங்கச் சொன்னது. ஆனால் அந்த வழக்கின் கேள்வியே, இவர்கள் கூலி பெற உரிமையுள்ள வேலையாட்களா என்பதுதான். சுரண்டலைச் சுரண்டல் என்று எழுதத் தமிழில் சொல் இருக்கிறது. அதற்காகக் குத்தகையின் பொருளை வளைக்க வேண்டியதில்லை.

‘தடுப்புக் காவல்’ என்ற சொல்லில் எனக்கு உள்ள மனத்தாங்கல் சிறிது மென்மையானது. புலம்பெயர்ந்த தமிழரிடையே ‘தடுப்பு முகாம்’ நன்றாக வேரூன்றிவிட்டது. அதைப் பிடுங்கும் எண்ணமில்லை. ஆனால் தமிழ்நாட்டில் தடுப்புக் காவல் என்றால், ஒருவர் இனிமேல் செய்யக்கூடியதைத் தடுக்க முன்கூட்டியே அடைப்பது. அரசியலமைப்பின் 22ஆம் பிரிவும் 1982ஆம் ஆண்டின் குண்டர் சட்டமும் அந்தப் பொருளை உறுதியாக்கிவிட்டன. குடிவரவுக் காவலின் அடிப்படை நோக்கம் வேறு: ஒருவர் நாட்டில் இருக்கலாமா என்று முடிவாகும் வரை, அல்லது வெளியேற்றப்படும் வரை, வைத்திருப்பது. சட்டம் சார்ந்த எழுத்திலாவது இரண்டையும் குழப்பக் கூடாது.

மொழிபெயர்ப்பாளர்களிடம் ஒரு முறையீடும் உண்டு. ‘இமிகிரேஷன்’ என்பதை நம் நாளிதழ்கள் ஒரு நாள் ‘குடியேற்றம்’ என்கின்றன, மறுநாள் ‘குடியுரிமை’ என்கின்றன. விமான நிலையத்தில் கடவுச்சீட்டைப் பார்ப்பவரைக் ‘குடியுரிமை அதிகாரி’ என்று எழுதுவோர், அவர் யாருக்குக் குடியுரிமை கொடுக்கிறார் என்று ஒரு நொடி யோசிக்கக் கூடாதா? இலங்கைத் தமிழில் ‘குடிவரவு’, ‘குடியகல்வு’ என்று இரு தெளிந்த சொற்கள் திணைக்களத்தின் பெயரிலேயே இருக்கின்றன. கடல் கடந்து வந்த சொல் என்ற தயக்கத்தைத் தவிர அவற்றை மறுக்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே நான் எழுதுவது இவ்வாறு: நிலைமைக்குக் ‘குடிவரவுக் காவல்’, இடத்துக்குக் ‘காவலிடம்’, நிறுவனம் நடத்துவது முக்கியமாகும் இடத்தில் ‘ஒப்பந்தக் காவல்’, உள்ளே இருப்பவர் ‘காவலில் வைக்கப்பட்டவர்’. கோர்சிவிக், ஜியோ போன்றவை உண்மையான சிறைகளையும் நடத்துவதால், நிறுவனத்தைச் சிறை நடத்தும் நிறுவனம் என்று எழுதுவதில் பிழையில்லை. பிரிட்டன் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தில் தன் காவலிடங்களுக்கு ‘அகற்றும் நிலையம்’ என்று பெயர் மாற்றியது. டெக்சாஸின் டில்லி காவலிடத்துக்கு வைத்த பெயர் ‘குடும்பக் குடியிருப்பு மையம்’. இவற்றைப் பெயர்ச்சொல்லாக அப்படியே மொழிபெயர்த்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்த வாக்கியத்தில் ‘குடியிருப்போர்’ என்று தொடராமல், ‘காவலில் வைக்கப்பட்டோர்’ என்றே எழுத வேண்டும்.