மக்கும்வரை குப்பை உரமாகாது

மறுபடியும் அதே கதை. சிங்கப்பூரில் ஒரு வீவக புளோக்கின் (அரசு அடுக்குமாடிக் கட்டடத்தின்) பின்னால், சமூகத் தோட்டத்தை ஒட்டிய சரிவு. மழையில் மண் கரைகிறதே என்று காய்கறித் தோல், காப்பிச் சக்கை, மீந்த சோறு எல்லாவற்றையும் நல்ல மனதோடு கொட்டியிருக்கிறார்கள். மண் நிற்கவில்லை, எலிதான் வந்தது. கீழே வெண்டைச் செடிகள் வெளுத்துக் கிடந்தன. “இயற்கை உரம்தானே தம்பி, அதுகூடவா கெடுக்கும்?” என்றார் ஓர் ஆண்ட்டி.

உரமே இல்லை ஆண்ட்டி. மக்கும்வரை அது குப்பைதான்.

பச்சைக் கழிவைக் களிமண்ணில் புதைத்தால் காற்றில்லாமல் அழுகி, வேரைச் சுடும். மரத்தூளையும் காய்ந்த இலையையும் மண்ணுக்குள் கலந்தால் வேறு தொல்லை: அவற்றைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையும் (நைட்ரஜனையும்) இழுத்துக்கொள்ளும், செடி பட்டினி கிடக்கும். காப்பிச் சக்கையைத் தடிமனாகப் பரப்பினால் காய்ந்து ஓடாகிவிடும். நீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடி, இருக்கிற மண்ணையும் அரித்துப் போகும். பொக்காஷி வாளியை, அதாவது கழிவைக் காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைக்கும் வாளியை, திறந்ததும் உரம் தயார் என்பவர்களே, அது ஊறுகாய்! புதைத்து இரண்டு வாரமாவது விட்ட பிறகு நடுங்கள்.

மக்கிய உரம் மண்ணைப் பிடித்து நிறுத்தும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் இங்கே கட்டடம் எழும்போதே மேல்மண் போய்விடுகிறது. மிஞ்சுவது இறுகிய அடிமண். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, வருடம் முழுக்கச் சூடு. போட்ட உரம் சீக்கிரமே கரைந்துவிடும். ஒருமுறை போட்டுவிட்டு மறப்பதெல்லாம் குளிர்நாட்டுக் கணக்கு. (கட்டுமானத் தளத்திலிருந்து வாய்க்காலுக்குப் போகும் நீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் வண்டல் இருந்தால், தளத்தில் வேலை செய்யும் எங்களை அதிகாரிகள் உலுக்கிவிடுவார்கள். புளோக் பின்னால் கரைவதை யாரும் அளப்பதில்லை.)

உரவாளியில் மக்கவைக்கும்போது சமையலறைக் கழிவு ஒரு பங்கு என்றால் காய்ந்த இலை இரண்டு மூன்று பங்கு. உப்பும் எண்ணெயும் பட்ட சோறு, மீன், கறி வேண்டவே வேண்டாம். போட்டது எது என்று அடையாளம் தெரியாமல் போய், மண்வாசம் வந்த பிறகே வெளியே எடுங்கள்.

சரிவைக் கொத்தாதீர்கள், கொத்திய மண் முதல் மழைக்கே ஓடிவிடும். மக்கிய உரத்தை ஐந்து சென்டிமீட்டர் பரப்பி, தென்னைநார் வலை விரித்து முளையடித்து, தரையோடு படர்ந்து மண்ணை மூடும் படர் நிலக்கடலையை நடுங்கள். டிசம்பர் மழைக்கு முன் வேர் பிடிக்க வேண்டும், நவம்பர் கடைசியில் ஓடிவந்து கேட்காதீர்கள். செங்குத்தான சரிவு என்றால் நீங்கள் தொடவே வேண்டாம், நகர மன்றத்திடம் சொல்லுங்கள். அப்படியே அந்த உரவாளி மூடிகளில் தேங்கிய தண்ணீரையும், கொசு முட்டையிடுமுன், இன்றே கொட்டிவிடுங்கள், தயவுசெய்து.