கையின் பாரத்தை எங்கே இறக்கி வைப்பது?

போன வருடம் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி பியானோ கிரேடு தேர்வுக்குத் தயாராக வேண்டும் என்று என்னிடம் வந்தாள். விரல்களில் நல்ல வேகம். ஆனால் ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் வலது முன்கையைத் தேய்த்துக்கொண்டாள். கேட்டேன். "ரெண்டு மாசமா இப்படித்தான் மிஸ். பழகப் பழகச் சரியாயிடும்னு சொன்னாங்க."

அவள் கையை என் உள்ளங்கையில் வாங்கி, "முழு பாரத்தையும் என் மேல போடும்மா" என்றேன். போட்டுவிட்டதாகத்தான் நினைத்தாள். சட்டென்று என் கையை எடுத்தேன். அவள் கை விழவில்லை, அந்தரத்தில் அப்படியே நின்றது. தோள்பட்டை அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

இந்தப் பாரத்தை இறக்கி வாசிப்பதைத்தான் பியானோவில் 'ரஷ்யன் ஸ்கூல்' முதலில் கற்றுத்தருகிறது. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டாலே அதட்டலும் எட்டு மணி நேரச் சாதகமும்தான் என்று பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். ஸ்கூல் என்றால் இங்கே கட்டடம் இல்லை, நாம் பாணி என்கிறோமே, அது. 1862-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அன்டன் ரூபின்ஸ்டைனும், 1866-இல் மாஸ்கோவில் அவர் தம்பி நிகொலாயும் தொடங்கிய கன்சர்வேட்டரிகளில், அதாவது இசைக் கல்லூரிகளில், வளர்ந்த பாணி. ரிக்டர், கிலெல்ஸ் என்ற பெரிய பியானோ கலைஞர்கள் இருவருக்கும் ஆசிரியராக இருந்த நெய்காவுஸ் 1958-இல் எழுதிய புத்தகத்தில் முதல் அத்தியாயம் விரலைப் பற்றியதே அல்ல. வாசிக்கப்போகும் இசை முதலில் மனதில் உருவம் கொள்வதைப் பற்றியது. டெக்னிக் அப்புறம்தான், நான்காவது அத்தியாயமாக வருகிறது.

அந்தப் பாணியில் குழந்தைக்கு முதல் பாடம் பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்வரம். நடுவிரலால், தோளிலிருந்து கையை லேசாக விழவிட்டு வாசித்து, ஒலி அடங்கும்வரை கேட்க வேண்டும். ஸ்வரங்களை இடைவெளியில்லாமல் இணைத்து வாசிக்கும் லெகட்டோ பிறகுதான். இதற்குக் காரணம் கருவிக்குள்ளேயே இருக்கிறது. பியானோ கட்டையை (கீயை) இறக்க ஏறக்குறைய 50 கிராம் பாரம் போதும். அது இறங்கும் ஆழம் சுமார் 10 மில்லிமீட்டர். அடியைத் தொடுவதற்குச் சற்று முன்பே உள்ளே இருக்கும் சுத்தியல் விடுபட்டுத் தனியாகப் பறந்து தந்தியைத் தட்டிவிடும். அதன்பின் எவ்வளவு அழுத்தினாலும் ஒலி மாறாது, முன்கைதான் நோகும்.

இந்தப் பாணியிலும் கை கெட்டவர்கள் உண்டு. இசையமைப்பாளர் ஸ்க்ரியாபின் மாஸ்கோவில் மாணவராக இருந்தபோது லிஸ்ட், பலாகிரெவ் என்ற இசையமைப்பாளர்களின் கடினமான படைப்புகளை வெறியோடு சாதகம் செய்து வலது கையைக் கெடுத்துக்கொண்டார். பிறகு அவர் எழுதிய ஓபஸ் 9 (அவர் படைப்பு வரிசையில் ஒன்பதாம் எண்) முழுக்க இடது கைக்கானது. மேதைக்கே அந்த நிலை. அதனால் வலியோடு வாசிக்க நான் யாரையும் விடுவதில்லை. விரல் மரத்துப்போனாலோ, ஓய்வெடுத்தும் வலி போகாவிட்டாலோ முதலில் டாக்டர், பிறகுதான் வகுப்பு.

இன்னொன்று, நம் வீடுகளில் இருக்கும் கீபோர்டு. ஸ்பிரிங் வைத்த லேசான கட்டையில் பாரத்தை இறக்கக் கற்பது மெத்தையில் நடை பழகுவது மாதிரி. பெடலும் வெறும் ஸ்விட்ச் என்றால் பாதி அழுத்துவது என்ற பேச்சே இல்லை. பியானோ வாங்க முடியாதவர்களிடம் சுத்தியல் அமைப்புள்ள 88 கட்டை டிஜிட்டல் பியானோவாவது பாருங்கள் என்கிறேன். அதுவும் செலவுதான், தெரியும்.

அந்தப் பெண்ணுக்கு ஸ்வரங்களை வரிசையாக ஏறி இறங்கும் ஸ்கேல் பயிற்சியை நிறுத்தினேன். ஈ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப், பி என்ற ஐந்து கட்டைகளில் கையை வைக்கச் சொன்னேன். நீண்ட நடுவிரல்கள் மூன்றும் கருப்பின் மேல், குட்டையான கட்டைவிரலும் சுண்டுவிரலும் வெள்ளையின் மேல். இசையமைப்பாளர் ஷோப்பான் தன் மாணவர்களுக்குக் கொடுத்த நிலை இது. நெய்காவுஸ் அதை மனதாரப் பாராட்டியிருக்கிறார். பிறகு ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கி 1878-இல் குழந்தைகளுக்காக எழுதிய 24 சிறு படைப்புகளில் நோயுற்ற பொம்மையைப் பற்றியதைக் கொடுத்தேன். மெதுவானது, ஸ்வரங்களுக்கு நடுவே மௌனம் நிறைய. அவளே மொபைலில் பதிவு செய்து கேட்டாள். "மிஸ், மூணாவது வரியில நான் மூச்சே விடல" என்றாள்.

தேர்வை அடுத்த முறைக்குத் தள்ளிவைத்தோம். அம்மாவுக்கு வருத்தம்தான். போன வாரம் மறுபடி என் உள்ளங்கையை எடுத்துப் பார்த்தேன். அவள் கை தொப்பென்று மடியில் விழுந்தது.