ஹெட் ஏன் வளைகிறது?

பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பில் காரில் அரை மணி நேரம் ஊர்ந்தால் போதும். கூலிங்கில் எங்கே குறை இருந்தாலும் டெம்பரேச்சர் முள் காட்டிக்கொடுத்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்தால், என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் 120 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் தேய்ந்து, உள்ளே வெறும் தண்ணீரும் இருந்தால், கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருக்கும் பெங்களூரில் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். தண்ணீர் அள்ளிச் செல்லும் அளவு வெப்பத்தை ஆவி அள்ளாது. என்ஜினின் சிலிண்டர்களை மேலிருந்து மூடும் சிலிண்டர் ஹெட்டுக்கு வினை அங்கேதான் தொடங்குகிறது.

இன்றைய கார்களில் ஹெட் அலுமினியம். பலவற்றில் அதன் கீழே சிலிண்டர்கள் இருக்கும் பிளாக் வார்ப்பிரும்பு. 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடானால் 40 செ.மீ. அலுமினியம் சுமார் 0.7 மி.மீ. நீளும், இரும்பு அதில் பாதிதான். ஆனால் போல்ட்டுகள் பிடித்து வைத்திருக்கின்றனவே! வழக்கமான சூட்டில் உலோகம் இந்த நெருக்கடியைத் தாங்கிக்கொண்டு, ஆறியதும் பழைய அளவுக்குத் திரும்பும். சூடு மிஞ்சினால் அலுமினியம் வலுவிழந்து, நசுங்கிய நிலையிலேயே நின்றுவிடும். ஆறும்போது அந்த இடம் மட்டும் கூடுதலாகச் சுருங்க, தட்டையான அடிப்பரப்பு வளைகிறது. கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டுகிற புண்ணியவான்கள் விரிசலுக்கும் வழி செய்கிறார்கள்.

வளைவை வீட்டிலேயே அளக்கலாம். கழற்றிச் சுத்தம் செய்த ஹெட்டின் அடிப்பரப்பில் நேர்விளிம்புள்ள எஃகுப் பட்டையை நீளவாக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து, இடுக்கில் ஃபீலர் கேஜின் (தடிமன் குறித்த மெல்லிய எஃகுத் தகடுகள்) இதழ்களை நுழைத்துப் பாருங்கள். பல என்ஜின்களுக்கு 0.05 மி.மீ.தான் எல்லை, அச்சுத்தாளின் தடிமனில் ஏறத்தாழப் பாதி. கண்ணாடியில் உப்புத்தாளை ஒட்டித் தேய்த்தே சமப்படுத்தலாம் என்பாருண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கை எந்தப் பக்கம் அழுத்துகிறதோ அந்தப் பக்கம் கூடுதலாகத் தேயும். பெங்களூர் ஜே.சி. ரோட்டில், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே வைக்கும் கேஸ்கட் வாங்கப் போகிறவர்கள், ஹெட்டையும் ஒரு பட்டறையில் கொடுத்து ஃபேசிங் (எந்திரத்தில் சீவித் தட்டையாக்குவது) செய்துகொள்வதே மேல். விரிசல் சோதனையும் அங்கேயே முடியும்.

ஹெட்டில் காற்றும் புகையும் போகும் வழிகளை (போர்ட்டுகளை) திறந்து மூடும் வால்வுகளின் வேலை வேறு. அதற்குப் பொறுமையான கைகளே போதும். வால்வின் 45 டிகிரிச் சரிவில் கிரைண்டிங் பேஸ்ட்டைத் தடவி, ஹெட்டில் அது உட்காரும் இடத்தில் வைத்து, ரப்பர் உறிஞ்சி பொருத்திய குச்சியை உள்ளங்கைகளுக்கிடையே மத்துக் கடைவதுபோல் உருட்ட வேண்டும். அவ்வப்போது வால்வைத் தூக்கி, சிறிது திருப்பி வைக்க வேண்டும். சரசரவென்ற ஒலி அடங்கும்போது துடைத்துப் பார்த்தால், விளிம்பைச் சுற்றி அறுபடாத சாம்பல் நிற வளையம் தெரியும். புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வு தன் வெப்பத்தில் பெரும்பகுதியை இந்த வளையத்தின் வழியாகத்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. வளையத்தில் இடைவெளி இருந்தால் அந்த இடம் தீய்ந்துவிடும். பேஸ்ட்டைத் துளிகூட விடாமல் கழுவி, வால்வுகளை ஸ்பிரிங்குடன் பூட்டி, போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றுங்கள்; மறுபக்கம் கசியாவிட்டால் வால்வு நன்றாக உட்கார்ந்திருக்கிறது.

பூட்டும்போது நடுப்போல்ட்டிலிருந்து வெளிநோக்கி, டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையைக் காட்டும் ஸ்பேனர்) படிப்படியாக இறுக்க வேண்டும். போல்ட்டும் ஒரு ஸ்பிரிங்தான். அது இழுபடும் விசைதான் கேஸ்கட்டை அமுக்குகிறது. சில என்ஜின்களின் போல்ட்டுகள் ஒருமுறை இறுக்கியதும் நிரந்தரமாக நீண்டுவிடுபவை. அவற்றுக்குப் புதியதே வாங்க வேண்டும். ஃபேசிங்கில் உலோகம் குறைவதால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுக்கப்படும் அளவு) கூடும் என்பதையும் பார்க்க வேண்டும். உற்பத்தியாளர் கையேடு சொல்லும் குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே போன ஹெட் பழைய இரும்புக் கடைக்குத்தான்.