ஹெல்மெட் இருந்தும் மூளை ஏன் சிதைகிறது?

"அமெரிக்கக் கால்பந்தில் அவ்வளவு கெட்டியான ஹெல்மெட் போட்டுக்கொண்டுதானே ஆடுகிறார்கள், அப்புறம் மூளை எப்படிப் பாதிக்கப்படுகிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். மைக் வெப்ஸ்டரை வைத்துச் சொன்னால்தான் இது சரியாகப் புரியும்.

வெப்ஸ்டர் 1974 முதல் 1988 வரை பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் சென்டர், அப்புறம் கன்சாஸ் சிட்டியில் இரண்டு வருடம். லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை நான்கு தடவை வென்றவர். சென்டர் என்றால், பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசையில் நின்று எதிரணியைத் தடுக்கும் அஃபென்சிவ் லைன்மேன்கள் ஐந்து பேரில் நடு ஆள். குனிந்து, பந்தைக் கால்களுக்கு நடுவே, பின்னால் நின்று ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கிடம் தள்ளிவிட்டு, கண்மூடித் திறப்பதற்குள் எதிரே பாய்ந்து வரும் நூறு கிலோவுக்கு மேற்பட்ட ஆளை முட்டித் தடுக்க வேண்டும். ஒரு ஆட்டத்தில் அறுபது தடவைக்கு மேல் இதே வேலை, பயிற்சியிலும் இதே வேலை. யாரும் மயங்கி விழுவதில்லை, ஆட்டம் நிற்பதில்லை, அதனால் இந்த முட்டல்களை யாரும் காயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

ஹெல்மெட் மண்டை ஓட்டைக் காப்பாற்றும், அவ்வளவுதான். உள்ளே மூளை திரவத்தில் மிதக்கிறது. தலை சடாரென்று நின்றாலும் மூளை உடனே நிற்காது, பள்ளியில் படித்த நிலைமம்தான். தலை திருகினால் இன்னும் மோசம்: மூளையின் மேல்பகுதி ஒரு வேகத்தில், உள்பகுதி வேறு வேகத்தில் நகர, நடுவில் உள்ள நரம்பிழைகள் இழுபடுகின்றன.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். ஒவ்வொரு நரம்பிழைக்குள்ளும் நுண்குழாய்கள் கட்டாக ஓடுகின்றன, செல்லுக்கு வேண்டிய சரக்கெல்லாம் அவற்றின் மேல்தான் போகிறது. பக்கத்துப் பக்கத்துக் குழாய்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது டௌ என்ற புரதம். இதன் குணம் ஜவ்வு மிட்டாய் மாதிரி: மெதுவாக இழுத்தால் நீளும், வெடுக்கென்று இழுத்தால் விறைக்கும். நாம் குனிந்து நிமிரும்போது டௌ விட்டுக்கொடுக்கிறது, குழாய்கள் வழுக்கி நகர்ந்து பழையபடி சேர்ந்துகொள்கின்றன. ஆனால் சில மில்லி விநாடிகளில் முடிந்துவிடும் ஒரு முட்டலில் டௌவுக்கு இளகவே நேரமில்லை, விறைத்து நின்று இழுவிசை முழுவதையும் குழாயின் மேலேயே இறக்கிவிடுகிறது, குழாய் ஒடிகிறது என்று கணினி மாதிரிகள் காட்டுகின்றன. அதே இழுப்புதான், வேகம் மட்டும்தான் வேறு! இப்படிக் கழன்ற டௌவில் பாஸ்பேட் அளவுக்கு மீறி ஒட்டி, ஒன்றோடொன்று சிக்கி முடிச்சாகிறது. அந்த முடிச்சுகள் முதலில் சேருவது மூளை மடிப்புகளின் அடிப்பள்ளத்தில், சிறு ரத்தக்குழாய்களைச் சுற்றி. விசை அதிகம் குவிவதும் அந்தப் பள்ளத்தில்தான். அல்சைமரிலும் டௌ முடிச்சு உண்டு, ஆனால் இந்த இடத்தில் இப்படிச் சேருவது தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு நோயின் கையெழுத்து.

வெப்ஸ்டர் ஓய்வுக்குப் பிறகு ஞாபகம் தப்பி, வீடில்லாமல், சில காலம் தன் டிரக்கிலேயே தூங்கினார். 2002இல் 50 வயதில் மாரடைப்பில் இறந்தார். பிரேதப் பரிசோதனை செய்த நைஜீரிய மருத்துவர் பென்னட் ஒமாலுவுக்கு மூளை வெறும் கண்ணுக்குச் சாதாரணமாகத்தான் தெரிந்தது. ஆனாலும் விடாமல், சொந்தப் பணத்தைப் போட்டு மெல்லிய சீவல்களாக்கிச் சாயம் ஏற்றிப் பார்த்தார், டௌ முடிச்சுகள் தெரிந்தன. குத்துச்சண்டைக்காரர்களிடம் 1928லேயே விவரிக்கப்பட்ட பாதிப்புதான், ஆனால் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து வீரரிடம் உறுதியானது இதுவே முதல் தடவை. 2005இல் ஒமாலுவின் கட்டுரை வந்ததும், அதைத் திரும்பப் பெறச் சொல்லி ஆய்விதழுக்கு எழுதியவர்கள், இந்த ஆட்டத்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். அமைத்த மருத்துவக் குழுவினர். தொடர்பு இருக்கிறது என்று லீக் அதிகாரி ஒருவர் வெளிப்படையாக ஒப்புக்கொள்ள 2016 ஆனது. ஆட்டத்தால் சம்பாதிப்பவர்களே ஆட்டத்தின் ஆபத்தை ஆராயும் குழுவையும் நியமித்தால் இதுதான் நடக்கும். இப்படிப்பட்ட ஆய்வுக்குப் பொதுப்பணம் வேண்டும், அதில் லீக் கை வைக்கவே கூடாது.

உயிரோடு இருப்பவரிடம் இந்த நோயை உறுதி செய்ய இன்னும் வழியில்லை. அதனால் இப்போதைக்குக் கையில் இருப்பது முட்டல்களின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான். லீக்கும் வீரர்கள் சங்கமும் போட்ட 2011 ஒப்பந்தத்தில் சீசனுக்குள் முழுக் கவசத்தோடு மோதிப் பழகும் பயிற்சியை 14 நாட்களாகக் குறைத்தார்கள். லைன்மேன்களுக்கு இது ஹெல்மெட்டை இன்னும் தடிமனாக்குவதைவிடப் பெரிய உதவி.