மனச்சோர்வும் மெல்லோட்டமும்: கால் தசையில் ஒரு வடிகட்டி

மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துவரும் ஒரு வாசகி கேட்டிருந்தார்: "மாத்திரையோடு வாரத்துக்கு மூன்று நாள் மெதுவாக ஓடிப் பழகுங்கள் என்கிறார் டாக்டர். நோய் இருப்பது தலையில், ஓடப்போவது கால். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? மனசைத் திசைதிருப்பச் சொல்கிறாரா?"

டாக்டர் சொன்னதற்குப் பின்னால் கால் நூற்றாண்டு ஆராய்ச்சி இருக்கிறது. 1999-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமென்தால் குழுவினர், மனச்சோர்வு நோய் இருந்த, 50 வயதைத் தொட்ட அல்லது தாண்டிய 156 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை. இன்னொன்றுக்கு வாரம் மூன்று நாள் வேகநடை அல்லது மெல்லோட்டம். மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். மாத்திரை மட்டும் எடுத்தவர்கள் முதலில் சற்று வேகமாகத் தேறினார்கள். 16 வாரம் முடிந்தபோது மூன்று பிரிவும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்திருந்தன. 2023-இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த ஆய்விலும் இதே கதைதான். மனச்சோர்வோ பதற்றநோயோ இருந்த 141 பேரில், மாத்திரை எடுத்தவர்களில் 45 சதவீதமும் ஓடியவர்களில் 43 சதவீதமும் 16 வாரத்தில் நோயின் பிடியிலிருந்து மீண்டார்கள்.

சரி, எப்படி? எண்டார்ஃபின், அதாவது உடலே சுரக்கும் வலிநிவாரணி, என்று உடனே பதில் வரும். ஆனால் இரத்தத்தில் சுரக்கும் எண்டார்ஃபின் மூளைக்குள் எளிதில் போகாது. ஓடி முடித்ததும் வரும் அந்த இதத்துக்கு, கஞ்சாவின் வேதிப்பொருள் போய் ஒட்டும் அதே இடங்களில் ஒட்டுகிற, உடல் தானே தயாரிக்கும் பொருட்கள்தான் முக்கியக் காரணம் என்று 2015-இல் ஜெர்மனியில் எலிகளை வைத்துக் காட்டினார்கள். எதுவானாலும் அது சில மணி நேர விஷயம். மாதக்கணக்கில் அழுத்திக்கொண்டிருக்கும் நோய் விலக வேறு ஏதோ நடக்க வேண்டும். அந்த "வேறு ஏதோ"வில் ஒன்றுதான் எனக்கு உடலியலிலேயே மிகப் பிடித்த செய்தி.

நாம் சாப்பிடும் பருப்பிலும் முட்டையிலும் பாலிலும் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் இதிலிருந்துதான் உருவாகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். உண்மையில் செரட்டோனினுக்குப் போவது மிகச் சிறிய பங்கு. உடல் உடைக்கும் டிரிப்டோபானில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கைனுரெனின் என்ற பொருளாக மாறுகிறது. மன உளைச்சலில் சுரக்கும் கார்ட்டிசாலும், உடலில் எங்காவது நீடிக்கும் அழற்சியும் இந்த மாற்றத்தை இன்னும் முடுக்கிவிடும்.

மூளையின் இரத்தக் குழாய்ச் சுவர் கண்டதையும் உள்ளே விடாது. ஆனால் அமினோ அமிலங்கள் நுழைய அதில் தனி வழி உண்டு. கைனுரெனினின் உருவமும் அமினோ அமிலம் போலவே இருப்பதால் அதே வழியில் நுழைந்துவிடும். உள்ளே போனதும் மூளையின் காவல் செல்கள் அதைக் குயினோலினிக் அமிலமாக மாற்றுகின்றன. இது நரம்புச் செல்களை அளவுக்கு மீறித் தூண்டும், அதிகமானால் நச்சு.

இது ஏட்டுக் கணக்கில்லை என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸுக்குப் பல ஆண்டுகள் இன்டர்ஃபெரான் ஆல்ஃபா என்ற மருந்தை ஊசியாகப் போட்டார்கள். அழற்சியைக் கிளப்பிவிடும் மருந்து அது. போட்டுக்கொண்டவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு வந்தது. அந்த ஊசி போட்டவர்களின் தண்டுவட நீரைப் பரிசோதித்தபோது கைனுரெனினும் குயினோலினிக் அமிலமும் கூடியிருந்தன. கல்லீரலுக்குப் போட்ட ஊசி மனதை முடக்கிப்போட்டது! நம் ஊரில் இன்னமும் மனச்சோர்வு வந்த பெண்ணைச் செய்வினை என்று சொல்லி மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்கள். படித்த வீடுகளிலோ "மனசைத் திடமா வச்சுக்கோ" என்று புத்தி சொல்கிறார்கள். இரண்டு பேச்சும் எனக்கு ஒரே அளவு கோபத்தைத் தருகிறது. இரண்டுமே நோயாளியைச் சிகிச்சையிலிருந்து தள்ளிவைக்கின்றன.

இப்போது காலுக்கு வருவோம். 2014-இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ஜார்ஜ் ருவாஸ் குழுவினர் ஓர் எலி இனத்தை வைத்து ஆராய்ந்தார்கள். பயிற்சியால் இறுகும் தசைகளில் பிஜிசி-1 ஆல்ஃபா1 என்ற புரதம் கூடும். இந்த எலிகளுக்கு மரபணு மாற்றத்தால் தசையில் மட்டும் அந்தப் புரதம் எப்போதும் அதிகம். அதாவது ஓடாமலேயே ஓட்டக்காரரின் தசை. இவற்றையும் சாதாரண எலிகளையும் ஐந்து வாரம் பாடாய்ப் படுத்தினார்கள்: திடீர்ச் சத்தம், மின்னும் வெளிச்சம், இரவு பகல் மாறாட்டம். சாதாரண எலிகள் சோர்ந்து முடங்கின. மற்றவை முடங்கவில்லை.

தசை ஏதோ ஒரு நல்ல பொருளைச் சுரந்து மூளைக்கு அனுப்புகிறது என்றுதான் ஆய்வாளர்கள் நினைத்திருந்தார்கள். தேடிப் பார்த்தால் நேர்மாறு. பயிற்சி பெற்ற தசையில் கேட் எனப்படும் நொதிகள் ஏராளமாக இருந்தன. இவை இரத்தத்தில் ஓடும் கைனுரெனினைப் பிடித்துக் கைனுரெனிக் அமிலமாக மாற்றிவிடுகின்றன. பெயரில் சின்ன வித்தியாசம்தான், ஆனால் வடிவம் மாறிப்போவதால் இந்த அமிலம் மூளைக்குள் நுழைய முடியாது. வெளியிலேயே சுற்றிவிட்டு வெளியேறிவிடும். உறுதிப்படுத்த, எலிகளுக்குக் கைனுரெனினையே நேரடியாக ஊசியில் ஏற்றினார்கள். சாதாரண எலிகள் சோர்ந்தன. தசை மாறிய எலிகளின் இரத்தத்தில் கைனுரெனின் அளவு ஏறவேயில்லை. தசை அவ்வளவு வேகமாக அதைத் தீர்த்துக்கட்டிவிட்டது. சிறுநீரகமும் கல்லீரலும் செய்கிற வேலையைத் தொடையும் கெண்டைக்காலும் செய்கின்றன! மனிதர்களிலும் சில வாரப் பயிற்சிக்குப் பின் தசையில் இந்த நொதிகள் கூடுவதைப் பார்த்திருக்கிறார்கள்.

இது ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஓட்டம் தூக்கத்தைச் சீராக்கும், நரம்புச் செல்களை வளர்க்கும் புரதத்தைக் கூட்டும், இன்னும் பல. ஆனால் இந்த வடிகட்டியைத் தெரிந்துகொண்டால் எப்படி ஓடத் தொடங்குவது என்பதும் விளங்கும். ஒரே நாளில் நாக்குத் தள்ள ஓடி நொதியைப் பெருக்கிவிட முடியாது. தசை தன்னை மாற்றிக்கொள்ள வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப வேலை கொடுக்க வேண்டும். 1996-இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் வகுத்த ஒன்பது வாரத் திட்டம் புதியவர்களுக்கு இன்றும் நல்ல வழி. முதல் வாரத்தில், ஓடும் ஒவ்வொரு நாளும் முதலில் ஐந்து நிமிட நடை. அப்புறம் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று மாறி மாறி 20 நிமிடம். வாரம் மூன்று நாள் போதும். ஓடும்போது பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியவில்லையா, வேகத்தைக் குறையுங்கள். இதய நோய், மூட்டு வலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு நடையோடு நிறுத்திக்கொள்ளலாம். டியூக் ஆய்வில் பலனளித்ததில் நடையும் அடக்கம்.

விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்தால்தான் ஆச்சு என்று எல்லோரும் சொல்வார்கள். மனச்சோர்வில் பலருக்குக் காலைதான் நரகம். மாலையில் கொஞ்சம் தெளிவார்கள். அப்படியானால் மாலையில் ஓடுங்கள். வெயில் தாழ்ந்திருந்தால் சரி. தெருவில் ஓடினால் நாயும் வேடிக்கை பார்ப்பவர்களும் தொல்லை என்று பல பெண்கள் சொல்வது நியாயமான புகார். பூங்காவோ பள்ளி மைதானமோ கூட வரும் ஒரு தோழியோ கிடைத்தால் பாதிக் கஷ்டம் தீரும்.

துணை வெறும் ஆறுதலுக்காக அல்ல. அதே ஆம்ஸ்டர்டாம் ஆய்வில் மாத்திரையை ஒழுங்காக எடுத்தவர்கள் 82 சதவீதம். ஓட்டத்தைத் திட்டப்படி செய்தவர்கள் 52 சதவீதம்தான். எழுந்து செருப்பு மாட்டும் தெம்பையே பறிக்கிற நோய் இது. ஓடாத நாளுக்காக நோயாளியைத் திட்டுவது, காய்ச்சல்காரரை ஏன் சுடுகிறாய் என்று கேட்பது போல.

இன்னொரு ஆதங்கமும் எனக்கு உண்டு. ஓட்டத்துக்குக் காப்புரிமை கிடையாது, அதனால் அதைப் பெரிதாகப் பரிசோதிக்க எந்த மருந்து நிறுவனத்துக்கும் அவசியமில்லை. மேலே சொன்ன இரண்டு ஆய்வுகளும் நூற்றைம்பது பேரைச் சுற்றியே நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். இந்த ஆராய்ச்சி அரசுப் பணத்தில்தான் நடந்தாக வேண்டும். நம் வெயிலில், நம் சாப்பாட்டில், நம் வேலை நேரத்தில் வாழும் ஆயிரக்கணக்கானவர்களை வைத்து அதைச் செய்ய நம்மிடம் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

வாசகியின் கேள்வியில் கடைசியாக ஒரு வரி இருந்தது: "ஓட ஆரம்பித்ததும் மாத்திரையை நிறுத்திவிடலாமா?" நிறுத்தக்கூடாது. திடீரென விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கேடு வரலாம், நோயும் திரும்பலாம். ஓட்டத்தை மாத்திரையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். எப்போது, எவ்வளவு குறைப்பது என்பதை மனநல மருத்துவர் முடிவுசெய்யட்டும். வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப் பார்த்தால் ஓட்டம், நடை எதற்கும் காத்திருக்காமல் 14416-ஐ அழையுங்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் சேவை அது; எந்நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.