அயர்லாந்து மதர் அண்ட் பேபி ஹோம் பேமெண்ட்: சைன் போடுறதுக்கு முன்னாடி இத படிங்க

யூகேலயோ அயர்லாந்துலயோ கேர் வேலை, நர்ஸ் வேலை பாக்குற நம்மாளுங்களுக்காகத்தான் இத எழுதுறேன். நீங்க பாத்துக்குற ஐரிஷ் பாட்டிங்கள்ல யாராவது ஒருத்தருக்கு, மதர் அண்ட் பேபி ஹோம்ல இருந்தவங்களுக்கு அயர்லாந்து அரசாங்கம் நஷ்டஈடு கொடுக்குற இந்த ஸ்கீம்ல பணம் வர வேண்டியிருக்கலாம், ஆனா அவங்களா வாயத் திறந்து கேக்க மாட்டாங்க. கட்டின புருஷன்கிட்டயே சொல்லாம அம்பது அறுபது வருஷம் மனசுல வச்சிருந்த விஷயம்.

கதை சுருக்கமா. கல்யாணம் ஆகாம மாசமான பொண்ணுங்கள வீட்டுக்காரங்களே கொண்டுபோய் விட்ட இடங்க இதெல்லாம், பெரும்பாலும் கன்னியாஸ்திரிங்க நடத்துனது, செலவுக்கு அரசாங்கப் பணம். பொறந்த புள்ளைய தாய்கிட்டருந்து பிரிச்சு தத்து கொடுத்துருவாங்க. டூவம் ஊர்ல இருந்த ஹோம்ல 796 குழந்தைங்க செத்ததா சர்ட்டிபிகேட் இருக்கு, பொதச்சதுக்கு ரெகார்ட் இல்லனு கேத்தரின் கார்லெஸ்னு ஒரு அம்மா தனி ஆளா தேடிக் கண்டுபிடிச்ச பிறகுதான் 2015ல அரசாங்க விசாரணை கமிஷன் வந்துச்சு. 18 இடத்த மட்டும் பாத்ததுலயே சுமார் 9,000 குழந்தைங்க சாவு. 2021 ஜனவரில அறிக்கை, மறுநாளே பிரதமர் மீஹோல் மார்ட்டின் மன்னிப்பு. மன்னிப்பு ஒரே நாள்ல வந்துருச்சு, பணத்துக்கு அப்ளிகேஷன் வாங்க ஆரம்பிச்சது 2024 மார்ச் 20.

இப்ப விஷயத்துக்கு வரேன். தாய்க்கு ஒரு கணக்கு, புள்ளைக்கு ஒரு கணக்கு. தாயா இருந்தவங்க அங்க ஒரே ஒரு ராத்திரி தங்கியிருந்தாலும் தகுதி உண்டு. ஆனா அங்க பொறந்த குழந்தை 180 நாள் இருந்திருக்கணும். 179 நாள்னா சைபர், ஒரு யூரோ கூட கிடையாது. இந்த ஒரு விதியால மட்டும் சுமார் 24,000 பேர் வெளிய நிக்குறாங்க. கைக்குழந்தையா இருக்கறப்பவே ஹோம விட்டு வெளிய போனவங்களுக்கு முக்கியமா தேவைப்படுறது அவங்க பொறப்பு பத்தின தகவல்தான்னு அப்போ மந்திரியா இருந்த ரோடரிக் ஓ'கார்மன் விளக்கம் சொன்னார். அஞ்சு மாசக் கைக்குழந்தைய தாய்கிட்டருந்து பிரிச்சு எடுத்தா அதுக்கு ஒண்ணும் ஆகலனு எந்தத் தாய் ஒத்துக்குவா?

அதனால "அஞ்சு மாசம் இருந்தேன்னு சொல்லுவாங்க"ங்கிற வீட்டுப்பேச்ச நம்பி ஒதுங்கிடாதீங்க. பொறந்த தேதி, ஹோம விட்டுப் போன தேதி ரெண்டும் ரெகார்ட்ல வேற மாதிரி இருக்க வாய்ப்பு இருக்கு. 2022 சட்டப்படி டூஸ்லாவுலயோ (குழந்தைங்க, குடும்பங்களுக்கான அயர்லாந்து அரசாங்க அமைப்பு) அடாப்ஷன் அத்தாரிட்டிலயோ அவங்க பைல அவங்களே கேட்டு வாங்கலாம், காசு இல்ல. ஸ்கீமுக்கு அப்ளை பண்றப்ப கையில ரெகார்ட் இருந்தே ஆகணும்னும் இல்ல, வக்கீலும் வேணாம், அடிச்சாங்க கொடுமைப்படுத்தினாங்கனு நிரூபிக்கவும் வேணாம். அங்க இருந்தாங்கங்கிறது உறுதியானா போதும்.

அடுத்த சிக்கல் எந்த இடம்ங்கிறது. லிஸ்ட்ல 44 இடம்தான் இருக்கு. "செயிண்ட் பாட்ரிக்ஸ்ல இருந்தேன்"னு சொன்னா எந்த செயிண்ட் பாட்ரிக்ஸ்னு திருப்பிக் கேளுங்க, டப்ளின் நேவன் ரோடுல இருந்த ஹோம் லிஸ்ட்ல இருக்கு, அதே பேர்ல பிளாக்ராக்ல டெம்பிள் ஹில்ல இருந்த குழந்தைங்க ஆஸ்பத்திரி லிஸ்ட்ல இல்ல. பெத்தனி ஹோம் லிஸ்ட்ல இருக்கு, அங்கருந்து குழந்தைங்கள கொண்டுபோய் விட்ட வெஸ்ட்பேங்க் அனாதை இல்லம் லிஸ்ட்ல இல்ல. பண்ணை வீடுங்களுக்கு வளர்க்க அனுப்புன வருஷமும் கணக்குல சேராது, அங்க மாடு மேய்ச்சு வளந்திருந்தாலும் சரி. முன்னாடி 2002 சட்டப்படி வந்த ரிட்ரெஸ் போர்டுல (பழைய நஷ்டஈடு போர்டு) அதே இடத்துக்குப் பணம் வாங்கியிருந்தா அந்தக் காலத்துக்கு மறுபடி கிடைக்காது.

பேர் பிரச்சனைய யாரும் முன்கூட்டி சொல்றதில்ல. எனக்குத் தெரிஞ்ச ஒரு பாட்டி பழைய பிஸ்கட் டின்னுக்குள்ள ஒரு குட்டி கம்பளி சாக்ஸ வச்சிருந்தாங்க, ஒத்தக்கால் சாக்ஸ், அதோட ஒரு ஆபீஸ்லருந்து வந்த லெட்டர், இந்தப் பேர்ல யாரும் இங்க இருந்ததா ரெகார்ட் இல்லனு. போன் பண்ணா மெயில் அனுப்புங்கனாங்க, 83 வயசு, மெயில் ஐடி எங்கருந்து வரும். நான் அனுப்பினா அவங்களே அனுப்பணுமாம். மூணாவது தடவ டீ போட்டுக்கிட்டே பேசுறப்பதான் சொன்னாங்க, உள்ள போன அன்னிக்கே பேர மாத்திட்டாங்க, அங்க எல்லாரும் என்னை வேற பேர் சொல்லித்தான் கூப்பிட்டாங்கனு. அந்தப் பேரயும் சேத்து எழுதின பிறகுதான் பைல் நகர்ந்துச்சு. அதனால பொறந்த பேர், கல்யாணப் பேர், அங்க வச்ச பேர், புள்ளைக்கு வச்ச பேர் எல்லாத்தயும் முதல் அப்ளிகேஷன்லயே எழுதிடுங்க.

தொகை 5,000 யூரோல ஆரம்பிச்சு தங்குன காலத்தயும், சில இடங்கள்ல வாங்குன வேலையயும் பொறுத்து 1,25,000 வரை போகும். இலவச வைத்தியத்துக்கான மெடிக்கல் கார்டு தனி, அதுக்கு தாயா இருந்தாலும் 180 நாள் வேணும், வெளிநாட்டுல இருக்கவங்க கார்டுக்குப் பதிலா 3,000 யூரோ வாங்கிக்கலாம்.

ஆஃபர் லெட்டர் வந்ததும் சந்தோஷத்துல சைன் போட்டுடாதீங்க. யோசிக்க 6 மாசம் இருக்கு. வாங்கிக்கிட்டா இந்த விஷயத்துக்காக அரசாங்கத்து மேல கேஸ் போட மாட்டேன்னு எழுதிக் கொடுக்கணும், அதுக்கு சட்ட ஆலோசனை கேக்க ஒரு தொகை அவங்களே கொடுக்குறாங்க, அத வாங்காம விடாதீங்க. யூகேல இருக்கவங்களுக்கு இதவிடப் பெரிய தலைவலி, இந்தப் பணத்த சேமிப்பா எடுத்துக்கிட்டா பெனிஃபிட் அடிவாங்கும். வருமானம் கம்மியான வயசானவங்களுக்குக் கொடுக்குற பென்ஷன் கிரெடிட்ல சேமிப்பு 10,000 பவுண்ட தாண்டினாலே ஒவ்வொரு 500க்கும் வாரம் 1 பவுண்ட் வருமானம்னு கணக்கு, வாடகைக்கான ஹவுசிங் பெனிஃபிட்டுக்கு பொதுவா சேமிப்பு எல்லை 16,000 பவுண்ட், இங்கிலாந்துல கேர் ஹோம் செலவுக்கு உதவி வாங்க எல்லை 23,250 பவுண்ட். இத சரிபண்ண 2024 டிசம்பர்ல லியாம் கான்லன்னு ஒரு பிரிட்டிஷ் எம்பி மசோதா கொண்டுவந்தார், இந்த மாதிரி ஹோம்ல தன் புள்ளைய பறிகொடுத்த ஃபிலோமினா லீ பேர்ல. நீங்க சைன் போடுற வாரத்துல விதி என்னவா இருக்குனு ஒரு பெனிஃபிட் அட்வைசர்கிட்ட எழுத்துல கேட்டு வாங்கிட்டுப் போடுங்க.

தகுதி இருந்தவங்க 2021 ஜனவரி 13 அன்னிக்கோ, அதாவது மன்னிப்பு கேட்ட நாள்லயோ, அதுக்கு அப்புறமோ இறந்திருந்தா குடும்பம் அப்ளை பண்ணலாம். அதுக்கு முன்னாடி இறந்தவங்களுக்கு ஒண்ணும் கிடையாது.

இன்னொன்னு, லெட்டர் எந்த அட்ரஸுக்கு வரணும்னு முதல்ல கேளுங்க, தனியா இருக்கறப்ப கேளுங்க. பக்கத்துல மகளோ பேத்தியோ உக்காந்திருந்தா இந்தப் பேச்சையே எடுக்காதீங்க. அந்த பிஸ்கட் டின் பாட்டி அப்ளிகேஷன்ல எதிர்வீட்டு சிநேகிதி அட்ரஸதான் கொடுத்திருக்காங்க.