“அமெரிக்க பேட்டண்ட் பெற்ற” இளமை ஊசி: நாலஞ்சு ஹார்மோனை ஒண்ணா சேர்த்தா கண்டுபிடிப்பா?

பாலக்காட்டுல கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் எங்கிட்ட பேட்டண்ட் விஷயமா வர்றவங்கள்ல ஆயுர்வேத மருந்து பண்றவங்கதான் ஜாஸ்தி. இப்ப சில பேரு வாளையார் தாண்டி கோயமுத்தூர்ல எங்கியோ வாங்கின நோட்டீஸையும் கையோட கொண்டாறாங்க. அமெரிக்க பேட்டண்ட் பெற்ற வயசு குறைக்கிற ஹார்மோன் ட்ரீட்மெண்ட்டாம். “நம்ம அஸ்வகந்தாவோட மெலடோனின்ங்கற தூக்க ஹார்மோனைச் சேர்த்தா நமக்கும் கிடைக்குமா சார்?”ன்னு அடுத்த கேள்வி.

பேட்டண்ட் இருக்குங்கறதால மருந்து வேலை செய்யும், ஆபத்தில்லைன்னு ஆகாதுங்க, மத்தவன் காப்பியடிக்காம தடுக்கற உரிமை அவ்வளவுதான். அமெரிக்காவுலயே வளர்ச்சி ஹார்மோனை வயசைக் குறைக்கறதுக்குன்னு விக்கிறது சட்டப்படி குற்றம்.

இந்தப் பைத்தியம் பெருசா கிளம்பினது 1990ல. 60 வயசு தாண்டின 12 ஆம்பளைங்களுக்கு ஆறு மாசம் வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டு, கொழுப்பு 14.4 சதவீதம் குறைஞ்சுது, கொழுப்பில்லாத உடல் எடை 8.8 சதவீதம் கூடுச்சுன்னு ஒரு ஆய்வு வந்துச்சு. வெறும் 12 பேரு! அப்புறம் என்ன, அதோட டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன், மெலடோனின், டிஹெச்ஈஏங்கற அட்ரினல் சுரப்பி ஹார்மோன்னு சேர்த்து “மொத்தமா நிரப்பற முறை எங்களது”ன்னு பேட்டண்ட் கேக்க ஆரம்பிச்சாங்க.

சண்டை எங்கன்னா, பேட்டண்ட்டுக்கு புதுசா இருந்தா மட்டும் பத்தாது, அந்தத் துறைக்காரங்களுக்கு சுலபமா தோணாததாவும் இருக்கணும்ங்கறதுலதான். வயசானா இதெல்லாம் குறையும்னு ஏற்கனவே தெரியும், குறைஞ்சதை வெளியிலருந்து குடுக்கலாம்னும் தெரியும், அப்ப ரெண்டு மூணு சேர்ந்து குறைஞ்சிருந்தா எந்த டாக்டரும் சேர்த்துதானே குடுப்பாருன்னு எதிர்த்தரப்பு கேக்கும். பேட்டண்ட்காரர் “சேர்த்துக் குடுத்தா கேன்சர் வரும்னு எல்லாரும் பயந்தாங்க, அதை மீறி நான் பண்ணினேன்”னு சொல்வாரு. அந்த பயம் நிஜமாவே பழைய கட்டுரைகள்ல எழுதியிருந்தா அது நல்ல வாதம்தான், நான் லேசா எடுத்துக்க மாட்டேன். ஆனா “இதுவரைக்கும் யாரும் பண்ணல”ங்கறது மட்டும் பத்தாது, அது புதுசுன்னு மட்டும்தான் காட்டும். 2007ல கேஎஸ்ஆர் வழக்குல, அது கார் ஆக்ஸிலரேட்டர் பெடல் கேஸு, தெரிஞ்ச பொருளை தெரிஞ்ச முறையில சேர்த்து எதிர்பார்த்த பலன்தான் வந்துதுன்னா அது பெரும்பாலும் யாருக்கும் தோணக்கூடியதுதான்னு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு.

நம்மூர்ல இன்னும் கஷ்டம். மனுசனுக்கு குடுக்கற சிகிச்சை முறைக்கு இந்திய பேட்டண்ட் சட்டம் பிரிவு 3(i)படி பேட்டண்ட்டே கிடையாது. கலவைன்னு போனா 3(e) மறிக்கும், ஒவ்வொண்ணோட குணமும் வெறுமனே கூடி நிக்குதுன்னா தள்ளிருவாங்க. பாரம்பரிய மருந்துன்னா 3(p) வேற இருக்கு.

அதனால எங்கிட்ட வர்றவங்ககிட்ட நான் கேக்கறது டேட்டாதான், தனியா குடுத்தப்ப எவ்வளவு, சேர்த்துக் குடுத்தப்ப எவ்வளவு, கூட்டலைவிட ஜாஸ்தியா வந்துதா. முக்காவாசிப் பேருகிட்ட இருக்கறது பேஷண்ட் பேசின வாட்ஸ்அப் வீடியோ!

நோட்டீஸ்ல பேட்டண்ட்னு பாத்தா எந்த நாடு, என்ன நம்பர்னு கேளுங்க. நாட்டு பேரு போடாம “பேட்டண்ட்”னு போட்டா இந்திய பேட்டண்ட்னுதான் அர்த்தம், பொய்யா இருந்தா பிரிவு 120ல மாட்டுவாங்க. இந்திய நம்பர்னா பேட்டண்ட் ஆபீஸ் சைட்ல ஃப்ரீயாவே தேடலாம். விண்ணப்பம் பப்ளிஷ் ஆகி இன்னும் குடுக்கலைன்னா 25(1)ல யாரு வேணா எதிர்ப்பு போடலாம், கேரளாவுல குடுத்த விண்ணப்பத்துக்கும் ஆபீஸ் சென்னைதான்.